14416: சிகிச்சை கொடுத்த குழந்தையைப் பறிகொடுத்த பி.எச்.சி. ஊழியருக்கு இந்த எண் எவ்வளவு தூரம் உதவும்?

டெலி மானஸ் என்ற பெயரில் 2022 அக்டோபர் 10, உலக மனநல நாளன்று ஒன்றிய அரசு தொடங்கிய தொலைபேசி சேவையின் எண் 14416. தமிழ்நாட்டில் அதே மாதம் 'நட்புடன் உங்களோடு' என்ற பெயரில் வந்தது. பொதுமக்களுக்கு அது எப்படிப் பயன்படுகிறது என்று நிறைய எழுதியாகிவிட்டது. இந்த விமர்சனம் ஒரே ஒரு சூழலை எடுத்துக்கொள்கிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் (பி.எச்.சி.) ஒரு குழந்தை இறந்துபோன பிறகு, அங்கே வேலை பார்க்கும் ஸ்டாஃப் நர்ஸ், டாக்டர், கிராம சுகாதார செவிலியர் (வி.எச்.என்.), மருத்துவமனைப் பணியாளர் ஆகியோருக்கு இந்த எண் என்ன செய்யும், என்ன செய்யாது?

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். மூன்றாம் நாள் இரவுக்கு இது நல்ல சேவை. முதல் ஒரு மணி நேரத்துக்கு இதனால் ஒன்றும் ஆகாது, அதற்காக இதை உருவாக்கவும் இல்லை. அந்த ஒரு மணி நேரத்தை நிலையத்துக்குள் இருப்பவர்களே சரியாகக் கையாண்டிருந்தால்தான் மூன்றாம் நாள் போன் செய்து பேசுவதற்கு ஏதாவது பலன் இருக்கும்.

பி.எச்.சி.யின் நிலைமை ஏன் தனி என்பதை முதலில் பார்க்க வேண்டும். மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் குழந்தைகள் வார்டில் சாவைப் பார்த்த சீனியர்கள் நான்கு பேராவது இருப்பார்கள். பி.எச்.சி. இரவு டூட்டியில் ஒரு ஸ்டாஃப் நர்ஸ், ஒரு பணியாளர், பிரசவம் இருந்தால் வலியில் ஒரு தாய், அவ்வளவுதான். குழந்தை இறந்த பத்தாவது நிமிடம் அடுத்த அறையில் இன்னொரு குழந்தை பிறக்கலாம். காலை ஓ.பி. வரிசை யாருக்காகவும் நிற்காது. அழுவதற்கு ஓய்வறை வேண்டும் என்றால் அங்கே தடுப்பூசி வைக்கும் குளிர்பதனப் பெட்டியும் பழைய ரெஜிஸ்டர்களும் இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும்.

இரண்டாவது வித்தியாசம், குழந்தை தெரிந்த குழந்தை. தாய் கர்ப்பமான மூன்றாம் மாதம் கர்ப்பப் பதிவுக்கான பிக்மி எண் வாங்கிக் கொடுத்ததே வி.எச்.என்.தான். முத்துலட்சுமி ரெட்டி உதவித்தொகைக்கு பேங்க் பாஸ்புக்கை வாங்கிப் பதிந்தது, இரும்புச்சத்து மாத்திரையைச் சாப்பிட வைத்தது, பிறந்த பிறகு வீட்டுக்குப் போய் எடை பார்த்தது, புதன்கிழமைதோறும் தடுப்பூசி முகாமில் தொடையைப் பிடித்து ஊசி போட்டது எல்லாம் அவரே. அந்தக் குழந்தை இறந்தால் அவருக்குப் போவது ஒரு கேஸ் இல்லை. அடுத்த புதன்கிழமை அதே தெருவில், அந்த வீட்டு வாசலைக் கடந்துதான் அவர் ஐஸ் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும்.

இனி சேவைக்கு வருவோம். 14416 கட்டணமில்லாதது, 24 மணி நேரமும் இயங்குவது. சாதாரண பட்டன் போன் போதும், இன்டர்நெட் வேண்டாம். மலைக்கிராமத்தில் வேலை பார்ப்பவருக்கு இது சின்ன விஷயம் இல்லை. சில நெட்வொர்க்கில் ஐந்து இலக்க எண் கிடைக்காவிட்டால் 1800-89-14416 என்று முழுசாக அடிக்கலாம். மொழியைத் தேர்ந்தெடுத்தால் முதலில் வருபவர் பயிற்சி பெற்ற ஆலோசகர். பேச்சில் தேவை தெரிந்தால் உளவியலாளர், மனநல மருத்துவர் என்று மேலே மாற்றுவார்கள். நேரில் பார்த்தால்தான் ஆகும் என்றால் மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவரிடமோ மருத்துவக் கல்லூரிக்கோ அனுப்புவார்கள். பெங்களூருவில் உள்ள தேசிய மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ்தான் இந்த அமைப்பின் தலைமை மையம். ஆகவே ஆலோசகருக்குக் கொடுக்கும் பயிற்சி வெறும் ஆறுதல் வார்த்தை அளவில் நிற்பதில்லை.

பெயர் சொல்ல வேண்டியதில்லை என்பதுதான் அரசு ஊழியருக்குப் பெரிய வசதி. 'இது என் சர்வீஸ் ரெக்கார்டில் ஏறுமா, பி.எம்.ஓ. (வட்டார மருத்துவ அலுவலர்) காதுக்குப் போகுமா' என்ற பயம்தான் பலரை போனைக் கையிலெடுக்க விடாமல் வைத்திருக்கிறது. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, பிரிவு 23, சிகிச்சை விவரங்களை ரகசியமாக வைத்திருக்கும் உரிமையைத் தருகிறது. அதையும் மீறி சந்தேகம் இருந்தால் பெயர், நிலையத்தின் பெயர், வட்டாரம் எதையும் சொல்லாமலே பேசலாம். இறந்த குழந்தையின் பெயரையும் ஊரையும் எப்படியும் சொல்லக் கூடாது.

குறை எங்கே தொடங்குகிறது என்றால் முதல் இரண்டு நிமிடத்தில். இந்த எண்ணுக்கு வருபவர்களில் தேர்வு பயம், குடும்பச் சண்டை, தூக்கமின்மை என்று எல்லா வகையினரும் உண்டு. 'எங்க பி.எச்.சி.யில ஒரு குழந்தை தவறிடுச்சு' என்று ஆரம்பித்தால், பேசுபவர் குழந்தையின் உறவினர் என்றே எதிர்முனையில் இருப்பவர் நினைக்க வாய்ப்பு அதிகம். பிறகு அதைத் திருத்துவதற்குள் பேசுகிறவருக்கே அலுத்துவிடும். அதனால் எடுத்தவுடனே நான்கு விஷயத்தைச் சொல்லிவிடுவது நல்லது: நான் அங்கே என்ன வேலை பார்க்கிறேன், எத்தனை நாள் ஆகிறது, இப்போது என்ன தொந்தரவு, இந்த அழைப்பில் எனக்கு என்ன வேண்டும். உதாரணமாக: 'நான் நர்ஸ். நான் சிகிச்சை கொடுத்த குழந்தை நாலு நாள் முன்னாடி இறந்துடுச்சு. ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்துடறேன், அதே காட்சி திரும்பத் திரும்ப வருது. நாளைக்கு நைட் டூட்டி இருக்கு, எப்படிப் போறதுன்னு தெரியல.' கடைசி வரிதான் முக்கியம். அது இல்லாவிட்டால் பேச்சு பொதுவான மூச்சுப்பயிற்சியில் போய் முடியும்.

ஆலோசகரால் செய்ய முடியாத ஒரு வேலை உண்டு. 'நான் தப்புப் பண்ணிட்டேனா?' என்ற கேள்விக்கு அவரால் பதில் சொல்ல முடியாது. அந்தக் கேள்விதான் ஆளைத் தின்பது. கட்டுவிரியன் கடியை எடுத்துக்கொள்ளுங்கள். தரையில் படுத்திருந்த பிள்ளையை ராத்திரி கடிக்கும். வலி இருக்காது, வீக்கம் இருக்காது, பல் தடம்கூடத் தெரியாமல் போகலாம். விடியற்காலையில் வயிற்றுவலி, வாந்தி என்றுதான் தூக்கிக்கொண்டு வருவார்கள். கண் இமை சொருகும்போதுதான் சந்தேகமே வரும். பாம்பு விஷமுறிவு மருந்தான ஏ.எஸ்.வி. ஏற்றினாலும், ஏற்கனவே நரம்பு முனையில் ஏற்பட்ட சேதத்தை அது திருப்பாது. வென்டிலேட்டர் இருக்கும் இடம் போய்ச் சேரும்வரை, கையால் மூச்சுக் கொடுக்கும் பையான அம்பு பேக்கை அழுத்திக்கொண்டே போக வேண்டும். வழியிலேயே போய்விட்டால் நர்ஸின் மனதில் அடுத்த மாதம் முழுக்க ஓடுவது 'பத்து குப்பி போட்டோமே, சின்ன உடம்புக்கு அதிகமாகிடுச்சோ?' என்ற கேள்வி. குழந்தைக்கும் பெரியவருக்கும் ஏ.எஸ்.வி. அளவு ஒன்றுதான், ஏனென்றால் பாம்பு ஆளைப் பார்த்து விஷத்தைக் குறைத்துச் செலுத்துவதில்லை. இந்த ஒரு வாக்கியத்தைத் தெரிந்த ஒரு மருத்துவர் அன்றைக்கே சொல்லியிருந்தால் முப்பது இரவுத் தூக்கம் மிஞ்சியிருக்கும். 14416-ல் இருப்பவர் அதைச் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது.

அதைச் சொல்ல வேண்டிய இடம் நிலையம்தான், நேரம் முதல் ஒரு மணி நேரம். ஸ்காட்லாந்தின் எடின்பரோ அவசர சிகிச்சைப் பிரிவில் ஸ்டாப்-5 என்று ஒரு ஐந்து நிமிடக் கூடுகை வைத்திருக்கிறார்கள். நடந்ததைச் சுருக்கமாகச் சொல்வது, சரியாக நடந்தவை, இன்னும் மேம்படுத்தக்கூடியவை, உடனே செய்ய வேண்டியவை என்று நான்கே படி. பி.எச்.சி.க்கு இது கச்சிதமாகப் பொருந்தும், ஏனென்றால் ஐந்து நிமிடத்துக்கு மேல் அங்கே யாராலும் ஒதுக்க முடியாது. அம்பு பேக்கின் முகமூடி பெரியவர் அளவில்தான் இருந்தது, தொண்டைக்குள் பார்க்கும் லாரிஞ்சோஸ்கோப்பின் பேட்டரி தீர்ந்திருந்தது, ஆக்ஸிஜன் சிலிண்டர் சாவி பூட்டிய அலமாரியில் இருந்தது போன்றவை இந்த ஐந்து நிமிடத்தில்தான் வெளியே வரும். அன்றைக்கே எழுதி வைத்தால் அது பொருள் கேட்டு அனுப்பும் இன்டென்ட் ஆகும். எழுதாவிட்டால் குற்ற உணர்வாக மாறி ஒருவர் தலையில் மட்டும் உட்கார்ந்துகொள்ளும்.

கூடுகையில் பணியாளரும் இருக்க வேண்டும். தரையைக் கழுவியது, குழந்தையின் கொலுசைக் கழற்றிப் பாட்டியிடம் கொடுத்தது அவர்தான். 108 ஆம்புலன்ஸில் வந்த மருத்துவ உதவியாளரும் ஓட்டுநரும் அடுத்த அழைப்புக்கு ஓடிவிடுவார்கள் என்றாலும் இரண்டு நிமிடம் நிறுத்தி வைக்கலாம். அமெரிக்காவின் வர்ஜீனியா பல்கலைக்கழக மருத்துவமனை நர்ஸ் ஜொனாதன் பார்ட்டெல்ஸ் பரவலாக்கிய 'தி பாஸ்' முறையில், உயிர் போனதும் எல்லாரும் கையிலிருப்பதை நிறுத்திவிட்டு அரை நிமிடமோ ஒரு நிமிடமோ பேசாமல் நிற்கிறார்கள். வெளியே உறவினர் கூட்டம் இருக்கும் நம் பி.எச்.சி.யில் இது நடக்குமா என்ற கேள்வி நியாயமானது. கதவைச் சாத்திக்கொண்டு செய்தால் 'உள்ளே என்னவோ மறைக்கிறார்கள்' என்று பேச்சு கிளம்பும். தாய் தகப்பனையும் உள்ளே நிற்க வைத்துச் செய்வதே நமக்குச் சரிப்படும்.

ஒரு எச்சரிக்கை. ஐந்து நிமிடக் கூடுகை வேறு, எல்லாரையும் உட்காரவைத்து 'உங்கள் உணர்வுகளைச் சொல்லுங்கள்' என்று கட்டாயப்படுத்துவது வேறு. அதிர்ச்சிக்கு ஆளானவரை ஒரே அமர்வில் எல்லாவற்றையும் கொட்ட வைக்கும் முறையால் பலன் இல்லை, கட்டாயப்படுத்துவதை நிறுத்த வேண்டும் என்று, மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் தொகுப்பு 2002-லேயே சொல்லிவிட்டது. பேச விரும்பாதவரை விட்டுவிடலாம். டீ வாங்கிக் கொடுத்து, அடுத்த இரண்டு மணி நேரம் குழந்தைகளுக்கான ஓ.பி.யில் அவர் உட்காராமல் பார்த்துக்கொண்டாலே பாதி வேலை முடிந்தது. உலக சுகாதார நிறுவனம் 2011-ல் வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேடும் பார், கேள், இணை என்ற மூன்றைத்தான் கேட்கிறது.

தூக்க மாத்திரை விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். மருந்தகம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் இடம் இது. டயஸிபாம் அரை மாத்திரை என்று தொடங்குவது எளிது. அதிர்ச்சிக்குப் பிந்தைய முதல் மாதத்தில் தூக்கமின்மைக்கோ பதற்றத்துக்கோ இந்த வகை மாத்திரை கொடுக்க வேண்டாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2013 பரிந்துரை. 14416-க்கு அழைக்க இதுவே ஒரு நல்ல காரணம்: கை மாத்திரைப் பக்கம் போகும் இரவில் அந்த எண்ணை அடிக்கலாம்.

அடுத்தது குழந்தை இறப்பு ஆய்வு. இதையும் ஒரு சேவையாக வைத்து மதிப்பிட்டாக வேண்டும், ஏனென்றால் பல வட்டாரங்களில் இறப்புக்குப் பிறகு அதிகாரபூர்வமாக நடக்கும் ஒரே பேச்சு இதுதான். ஐந்து வயதுக்குட்பட்ட எந்தக் குழந்தை இறந்தாலும் 24 மணி நேரத்துக்குள் தகவல் போக வேண்டும். பிறகு முதல்கட்டச் சுருக்க விசாரணை, அதன் பிறகு குடும்பத்தாரிடம் விரிவான வாய்மொழி விசாரணை. வழிகாட்டி நெறிமுறை 2014-ல் வந்தது. வீட்டில் முடிவெடுக்கத் தாமதம், வந்து சேரத் தாமதம், வந்த பிறகு சிகிச்சையில் தாமதம் என்று மூன்றாகப் பிரித்து ஓட்டை எங்கே என்று பார்ப்பதுதான் நோக்கம். நோக்கத்துக்கு ஐந்துக்கு ஐந்து மதிப்பெண் தரலாம்.

நடைமுறையில் இரண்டு இடத்தில் இடிக்கிறது. முதல்கட்ட விசாரணைக்குப் படிவத்தோடு வீட்டுக்குப் போக வேண்டியவர் அதே வி.எச்.என். குழந்தையைத் தெரிந்தவர், தானே உடைந்து போயிருப்பவர், அந்தத் தாயிடம் 'எத்தனை மணிக்குக் காய்ச்சல் ஆரம்பிச்சது, எப்ப எங்களுக்குச் சொன்னீங்க?' என்று கேட்டு எழுத வேண்டும். கேட்கும் கேள்வியே குற்றச்சாட்டு மாதிரி தாய்க்குப் படும். இரண்டு பேருக்கும் இது வேண்டாத வேலை. சமுதாய சுகாதார செவிலியரோ பக்கத்துத் துணை சுகாதார நிலையத்தின் வி.எச்.என்.னோ படிவத்தைக் கையில் எடுத்துக்கொண்டு கூடப் போனால், அந்த ஊர் வி.எச்.என். வெறுமனே பக்கத்தில் உட்கார்ந்திருக்கலாம். பி.எம்.ஓ. மனது வைத்தால் நாளைக்கே நடக்கும் மாற்றம் இது.

இன்னொன்று இறப்பு ஆய்வுக் கூட்டம் நடக்கும் விதம். முதல் கேள்வியே 'ஏன் ரெஃபர் பண்ணலை?' என்று இருந்தால் அறையில் இருக்கும் மற்ற எல்லாருக்கும் ஒரே பாடம்தான் பதியும்: இனிமேல் எல்லாவற்றையும் ரெஃபர் பண்ணு. அடுத்த இரண்டு மாதம் சாதாரண காய்ச்சல் குழந்தைகூட ஜி.எச்.சுக்குப் போகும். 108 வண்டி அந்த வழியிலேயே நிற்கும், நிஜமான அவசரத்துக்குக் கிடைக்காது. குழந்தைக்கு ஐ.வி. லைன் போடவே கை நடுங்கும் நர்ஸ், குழந்தை வந்தாலே கழிவறைப் பக்கம் போகும் டாக்டர், மூன்று முறை நான்கு முறை டோஸ் கணக்குப் பார்த்தும் நம்பாமல் ஐந்தாவது முறை பார்ப்பவர் எல்லாம் இதன் மிச்சம். மேலதிகாரி கவனிக்க வேண்டிய அறிகுறி இந்த ரெஃபரல் எண்ணிக்கைதான். அது திடீரென்று ஏறினால் விளக்கம் கேட்டு மெமோ அனுப்புவதைவிட நேரில் போய் அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வரலாம்.

பாம்புக்கடி, நீரில் மூழ்கியது, பூச்சிமருந்து போன்ற இறப்புகளில் காவல்துறைக்குத் தகவல், பிரேதப் பரிசோதனை என்று கூடுதல் சுமை சேரும். 'எங்க பிள்ளையை அறுக்க விடமாட்டோம்' என்று உறவினர் நிற்கும்போது, பத்து நிமிடம் முன்பு கையில் குழந்தையை வைத்திருந்த அதே டாக்டர் சட்டம் பேச வேண்டியிருக்கிறது. சாவைச் சொல்பவரும் காவல்துறைத் தகவலைச் சொல்பவரும் வெவ்வேறு ஆளாக இருப்பது நல்லது. மருத்துவப் பணியாளர் மீதான வன்முறைக்கு எதிராக 2008-லிருந்து தமிழ்நாட்டில் தனிச் சட்டம் இருக்கிறது. ஆனாலும் இரவில் தனியாக இருக்கும் நர்ஸுக்கு வாசல் விளக்கும் பக்கத்துக் காவல் நிலையத்தின் எண்ணும் அதைவிட அவசரத் தேவை.

எந்தச் சேவையிலும் இடம்பெறாத ஒரு வேலை இருக்கிறது: பெயரை நீக்குவது. இறப்பைப் பதியும் வரை குழந்தையின் பெயர் அடுத்த புதன்கிழமைக்கான தடுப்பூசிப் பட்டியலில் வந்து நிற்கும். தாயின் கைபேசிக்கு நினைவூட்டல் குறுஞ்செய்தி போகவும் கூடும். பட்டியலை வாசிக்கும் வி.எச்.என்.னுக்கும், செய்தியைப் பார்க்கும் தாய்க்கும் அது எப்படி இருக்கும் என்று விளக்க வேண்டியதில்லை. பிக்மியில், தடுப்பூசிப் பதிவில், அங்கன்வாடி எடைப் பதிவேட்டில் என்று எல்லா இடத்திலும் அதே வாரத்துக்குள் மாற்ற வேண்டும், அந்த வேலையை வேறொருவர் செய்து கொடுக்க வேண்டும்.

மாற்று வழிகள் என்று பார்த்தால், சென்னையில் 1986 முதல் தன்னார்வலர்களால் நடத்தப்படும் சிநேகாவின் 044-24640050 அரசோடு சம்பந்தமில்லாத எண் வேண்டும் என்பவர்களுக்கு ஏற்றது. 104 மருத்துவ ஆலோசனைக்கான பொது எண், இந்தத் தேவைக்கு 14416-தான் நேர் வழி. வாட்ஸ்அப் குழுக்கள் பயன்படும், ஆனால் எழுதியது ஸ்கிரீன்ஷாட்டாக வெளியே போய் விசாரணையில் வந்து நின்றால் யாரும் காப்பாற்ற மாட்டார்கள். மாவட்ட மனநல மருத்துவர் ஜி.எச்.சுக்கு வரும் கிழமையைத் தெரிந்துகொண்டு நேரில் பார்ப்பது எல்லாவற்றிலும் உறுதியானது. ஒரே சிக்கல், அங்கே வரிசையில் நிற்கும்போது தெரிந்த முகங்கள் பார்க்கும். பக்கத்து மாவட்டம் போகிறவர்கள் உண்டு, அதில் தவறில்லை.

எப்போது அழைப்பது? முதல் சில நாள் தூக்கம் கெடுவது, அழுகை வருவது, சாப்பாடு இறங்காதது இயல்பு, பெரும்பாலோருக்கு தானாகவே தணியும். பேசத் தோன்றினால் அப்போதே அழைக்கலாம். இரண்டு வாரமாகியும் குறையவில்லை, வேலைக்குக் கிளம்பும்போதே நெஞ்சு படபடக்கிறது, குடி கூடிவிட்டது, வீட்டில் சொந்தப் பிள்ளையின் மூச்சை ராத்திரி எழுந்து எழுந்து பார்க்கத் தோன்றுகிறது என்றால் தள்ளிப்போடாமல் அழைக்க வேண்டும். ஒரு மாதம் தாண்டியும் அதே காட்சி விரட்டினால் போனோடு நிறுத்தாமல் நேரில் பார்க்க வேண்டும். இருந்து என்ன பயன் என்ற எண்ணம் வந்தால் நாள் கணக்கு பார்க்காமல் அன்றைக்கே.

மதிப்பெண்: எளிதாகக் கிடைப்பதற்கு 5-க்கு 4.5. ரகசியத்துக்கு 4. சுகாதார ஊழியரின் வேலையைப் புரிந்துகொள்வதற்கு 2.5. ஊழியர்களுக்கென்று தனி விருப்பத்தேர்வு ஒன்றை அழைப்பின் தொடக்கத்திலேயே வைத்து, பி.எச்.சி. வேலை தெரிந்த ஓய்வுபெற்ற செவிலியர் சிலரை அங்கே அமர்த்தினால் இந்தக் கடைசி மதிப்பெண் ஏறும். அதுவரைக்கும் ஒரு சின்ன வேலை: 14416 சுவரொட்டி ஓ.பி. ஹாலில் நோயாளிகளுக்காக ஒட்டப்பட்டிருக்கும். இன்னொன்றை வாங்கி நர்ஸ் டூட்டி ரூமில், சுவிட்ச் போர்டுக்குப் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள்.